ஞாயிறு மூன்று மணிப் பாட்டு

ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில். படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் எழுபது கடந்த ஒரு பெண்மணி தனியே இருக்கிறார். எனக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. ஞாயிறு அதிகாலை போய், மத்தியானம் வந்து படுப்பேன். மூன்று மணிக்குச் சுவருக்கு அப்பால் தொலைபேசி தொடங்கும். ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு இரண்டு பெண்கள் நாற்பது நிமிடம் ஜெர்மனில் கதைப்பார்கள். கடைசியில் சேர்ந்து ஒரு தேவாலயப் பாட்டுப் பாடுவார்கள். தூரத்துக் குரல் எப்போதும் அரை வரி பிந்தித்தான் வரும்.

இங்கே சத்தம் பற்றி முறையிடுவதென்றால் வீட்டு நிர்வாகம் முதலில் ஒரு பட்டியல் கேட்கும்: எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்ன சத்தம். எனக்கு அது சிரமமில்லை, நாட்குறிப்பு எழுதுபவன். இரண்டே முக்கால் வருடம் எழுதினேன். அனுப்பவில்லை. இன்னும் சில வாரம் சேர்ந்தால் பட்டியல் முழுமையாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றியது.

போன இலையுதிர்காலத்தில் ஒருநாள் அவர் கதவைத் தட்டினார். காகிதத்தில் துளை போடும் கருவி இரவல் வேண்டுமாம். கையில் ஒரு அரசாங்கக் கடிதம். ரஷ்யாவில் இருக்கும் தங்கை, ஞாயிறு தொலைபேசியில் வரும் அந்தத் தூரத்துக் குரல், ஜெர்மன் வம்சாவளி என்று ஜெர்மனிக்கு வர விண்ணப்பித்திருந்தார், நிராகரித்துவிட்டார்கள். ஆட்சேபிக்க ஒரு மாத அவகாசம்.

எங்கள் குசினியில், சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்து சொன்னார். தாயின் முன்னோர் ஜெர்மன்காரர். ரஷ்ய மன்னர் காலத்தில் நிலம் கிடைக்கும் என்று சைபீரியாவின் அல்தாய்ப் புல்வெளிக்குப் போனவர்கள். கசகஸ்தான் எல்லைக்குக் கிட்ட, ரயில் எட்டாத கிராமம். போர்க்காலத்தில் அங்கிருந்த ஜெர்மன்காரரை, பெண்கள் உட்பட, காடு வெட்டவும் சுரங்கத்துக்கும் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவர்களில் தாயும் ஒருவர். அதற்குப் பிறகும் தெருவில் ஜெர்மன் பேசினால் பாசிஸ்ட் என்று கூப்பிடுவார்கள். வீட்டுக்குள் தாய் வேறு மொழி பேச விடவில்லை.

தகப்பன் ரஷ்யர். அதனால் பதினாறு வயதில் அடையாளப் புத்தகம் எடுக்கும்போது, இனம் என்ற கோட்டில் இரண்டில் ஒன்றைப் பிள்ளைகள் தெரிவு செய்யலாம். அக்கா ஜெர்மன் என்று எழுதினார். பால் பண்ணையில் வேலை கிடைத்தது. தங்கை ரஷ்யர் என்று எழுதினார்; தாதிப் படிப்பில் இடம் கிடைத்தது.

என் இலங்கைப் பிறப்புச் சான்றிதழிலும் இனத்துக்கு ஒரு கோடு உண்டு. அதை நிரப்பும்போது யாரும் என்னைக் கேட்கவில்லை.

"அவளில் குறையில்லை. நான் மாடு கழுவினேன், அவள் ஊசி போட்டாள்," என்றார். "ஜெர்மன்காரியாக வாழ்ந்ததற்குச் சான்று எங்கே என்று இப்போது கேட்கிறார்கள். குடும்பப் பேச்சுக்கு யார் சான்று எழுதி வைப்பார்கள்?"

நான் எழுதி வைத்திருந்தேன்.

அவர் போனதும் பட்டியலை எடுத்தேன். மனைவி பார்த்துவிட்டு, "ஐயோ, இதையே குடுக்கப் போறியள்? பொலிஸ்காரன் மாதிரி மணிக்கூடு பார்த்து எழுதி வைச்சிருக்கிறியள். அந்த மனுசி இனி முகத்தில முழிக்குமே?" என்றாள்.

"முழிக்காட்டி என்ன, தங்கச்சி வரட்டும்."

"ஓம், வந்து ரெண்டு பேருமாச் சேர்ந்து பாடட்டும்!"

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்து, எதற்காக எழுதியது என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"மார்ச்சில் ஒரு ஞாயிறு இல்லையே."

"அன்று எனக்குப் பின்னேர வேலை."

இன்னும் இரண்டு பக்கம் புரட்டினார். "'சுதி விலகிய பாட்டு.' இப்படி எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமாம்."

"அது அவள். நான் இல்லை," என்றார். பிறகுதான் என்னை உட்காரச் சொன்னார்.

முறைப்பாட்டுக்காகத் தொகுத்த பட்டியல் இது, பேச்சு எப்போதும் ஜெர்மனில்தான் நடந்தது என்று கீழே எழுதிக் கையொப்பமிட்டேன். மற்றக் காகிதங்களோடு சேர்த்து, என் கருவியால் துளை போட்டு அனுப்பினார். அது எவ்வளவு உதவியது என்று எனக்குத் தெரியாது. எட்டு மாதம் கழித்து அனுமதி வந்தது.

தங்கை வந்துவிட்டார். ஆனால் வருபவர்களை மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்புவதால், ரயிலில் ஐந்து மணி நேரத் தூரத்தில் இருக்கிறார். ஆகவே ஞாயிறு மூன்று மணிக்குத் தொலைபேசி தொடர்கிறது. தொடர்பு இப்போது தெளிவு. தூரத்துக் குரல் பிந்துவதில்லை. சுதி விலகுவது தங்கைதான், அக்கா சொன்னது சரி.

நான் கட்டிலை மற்ற அறைக்கு மாற்றிவிட்டேன்.