யன்னல் பக்கக் கன்னம்

எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு மகள் தந்த பரிசு ஒரு படம். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் சாதாரண சனங்கள் எடுத்துக்கொண்ட வகைப் படம் அது. கறுப்புப் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டிலேயே முகம் பதியும்; டின்ரைப் என்று பெயர். ரொறன்ரோவில் ஒரு பெண் இன்றைக்கும் அதே முறையில் எடுக்கிறாள் என்று மகள் கண்டுபிடித்திருந்தாள்.

"அப்பா, முதல் நீங்கள். பிறகு அம்மா. ஆடாமல் இருக்கவேணும், ஓகே?"

என் கணவர் ட்ரக் ஓட்டுபவர். பிறம்ரனில் சாமான் ஏற்றிக்கொண்டு மேற்கே போனால் திரும்பி வர ஒரு கிழமை ஆகும். படமென்றால் எப்போதும் சிரிக்கிற மனிதர். அன்று சிரிக்க விடவில்லை. தலை அசையாதிருக்கப் பின்கழுத்தில் ஒரு இரும்புக் கவையை முட்டுக்கொடுத்து, எட்டு விநாடி அப்படியே இருக்கச் சொன்னாள் அந்தப் பெண்.

பிறகு தகட்டை எங்கள் கண்முன்னே மருந்துத் தட்டில் இறக்கினாள். பால் படிந்த நீலமாகக் கிடந்த உருவம் மெல்லத் தெளிந்தது. சேட்டுக் கொலர் வந்தது. மீசை வந்தது. கண்கள் வந்தன.

கன்னம் வந்தபோது நான் ஒரு அடி பின்னால் போய்விட்டேன்.

முகத்தின் ஒரு பாதி என் கணவர். மற்றப் பாதி யாரோ கிழவர். கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை கறுப்புத் திட்டுகள்.

"மருந்து பிழைச்சுப் போச்சோ எண்டு கேள்," என்றேன் மகளிடம்.

அந்தப் பெண் இல்லையென்று தலையாட்டினாள். அவருடைய இடது கன்னத்தை உற்றுப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று விசாரித்தாள். இருபத்திரண்டு வருடமாக ட்ரக் ஓட்டுகிறார் என்று மகள் சொன்னாள். அதற்கு அந்தப் பெண், இந்த மருந்து நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் பிடிக்கும், வெய்யில் தோலுக்குள் செய்த சேதம் இதில் கறுப்பாக விழும், அது ட்ரக் யன்னல் பக்கக் கன்னம்தானே என்றாள்.

இருபத்திரண்டு வருட வெய்யில். காரில் நான் எப்போதும் அவருடைய வலப்பக்கம். கட்டிலிலும் வலப்பக்கம். இடது கன்னத்தைக் கடைசியாக எப்போது நன்றாகப் பார்த்தேன் என்று யோசித்தேன்.

"உது நானோ?" என்று குனிந்து பார்த்தார் அவர்.

மகள் அழத் தொடங்கிவிட்டாள். "சொறி அப்பா, எனக்குத் தெரியாது..."

"ஏனம்மா அழுறாய்? நல்லாத்தான் வந்திருக்கு."

நான் படத்துக்கு இருக்கவில்லை. இருக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவுமில்லை.

தோல் வைத்தியரிடம் இடம் கிடைக்க இரண்டு மாதம் எடுத்தது. காதுக்கு முன்னால் இரண்டு இடங்கள் சொரசொரத்திருந்தன. விட்டால் புற்றுநோயாகவும் மாறலாம் என்று சொல்லி, அங்கேயே குளிர்வாயு பீச்சி அவற்றைக் கருக்கினார். மற்றதற்கெல்லாம் கிறீமும் தொப்பியும் போதும் என்றார்.

"உந்தச் சொரசொரப்பு எவ்வளவு காலமா இருக்கு?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"ரெண்டு வருஷம் இருக்கும். சேவ் எடுக்கேக்கை தட்டுப்படும்."

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"உனக்குத் தெரியும் எண்டு நினைச்சன்," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பொக்கெற்றுக்குள் கார்த் திறப்பைத் தேடிக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அந்தக் கார் தரிப்பிடத்தில் அப்படியே நின்றேன்.