பழைய கிணற்றுக்குப் போன குழாய்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். 1996 ஐப்பசியில் என் கையால் தொட்டுப் பார்த்ததைத்தான் சொல்கிறேன். பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை நான். முதலாளிக்கே பயந்ததில்லை, அந்த ஒரு ராத்திரியைத் தவிர.

காரமடை ரோட்டில் கேரட் கழுவும் ஷெட் ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தேன். ஊட்டியிலிருந்து சாயங்காலம் மூட்டைகள் வந்து இறங்கும். மும்முனை கரண்ட் ராத்திரியில்தான் வரும், அதனால் கழுவுவதும் ராத்திரியில்தான். சேறும் பிளீச்சிங் பவுடரும் கலந்த கழிவுத் தண்ணீர் ஒரு தொட்டியில் தெளிந்து தென்னந்தோப்புக்குப் போக வேண்டும். தொட்டியிலிருந்து பக்கத்துப் பழைய கிணற்றுக்கும் ஒரு குழாய் உண்டு, அதன் வாயைச் சாக்கால் அடைத்து வைத்திருந்தார்கள். அன்று தொட்டி முழுக்கச் சேறு. அள்ள ஆள் போடவில்லை, காசு மிச்சமாம்!

"பழைய கெணத்துக் குழாயத் தொறந்து உட்டுப்போடு ராமாமணி," என்றார் முதலாளி தம்பிதுரை.

"ஏனுங்க, அந்தக் கெணத்து ஊத்துதானுங்க எங்க லைன் ஊட்டு அடிபம்புக்கு வருது. பதினாறு குடும்பம் குடிக்குதுங்க. எம் புள்ளையும் குடிக்குதுங்க."

"அப்ப நாளைக்கு வேலைக்கு வராத."

சொல்லிவிட்டு காரில் ஏறிப் போய்விட்டார். நான் திறந்தேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன், திறந்தேன்.

மணி 2.40. குழாய் வாயில் செருகியிருந்த சாக்கை உருவினேன். தொட்டித் தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியது. எட்டடி தள்ளி, கிணற்றுக்குள் அது விழும் சத்தம். சளசள... சளசள...

2.50. சத்தம் நின்றது.

டார்ச் அடித்தேன். தண்ணீர் இறங்காமல் அப்படியே நின்றது. அடைப்பாக இருக்கும் என்று நீள மூங்கில் கழியைக் குழாய்க்குள் விட்டுக் குத்தினேன். முனையில் மெத்தென்று ஏதோ இடித்தது. சேறு என்றால் கழி புதையும். இது புதையவில்லை.

அழுத்தினேன்.

கழி திரும்பி வந்தது... என்னையும் தள்ளிக்கொண்டு.

பயத்தை விடக் கோபம்தான் வந்தது எனக்கு. "எவன்டா அது?" என்று கத்திவிட்டு மறுபடி குத்தினேன்.

மறுபடியும் தள்ளியது.

3.05. கழியை உருவினேன். முனையில் நூல் சுற்றியிருந்தது. கத்திரிப்பூ நிறம்.

கிணற்றுக்குள் மூச்சு வாங்கும் சத்தம்... ரொம்ப நேரமாகப் பாரம் தாங்குகிற ஆளின் மூச்சு...



ஓடவில்லை. அதுவா என்னை மிரட்டுகிறது? எங்கள் தண்ணீரையல்லவா காக்கிறது! அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாக்கை எடுத்துக் குழாய் வாயில் இறுக்கிச் செருகினேன்.

மூச்சுச் சத்தம் நின்றது.

காலையில் சாக்கை உருவியும் தொட்டி இறங்காததைப் பார்த்த முதலாளி, குழாய் வேலை செய்யும் அப்துல் முத்தலிப்பைக் கூட்டி வந்தார். கிணற்றில் படி கிடையாது. குழாயின் அந்த முனை பத்தடி ஆழத்தில். கயிறு கட்டி இறங்கிய முத்தலிப் பாய், முகம் வெளுத்து ஏறி வந்தார்.

"சேலைத் துணிங்க. களிமண்ணு பூசி, கெணத்துப் பக்கமிருந்து அமுக்கியிருக்குதுங்க."

"புடுங்கிப் போடு," என்றார் முதலாளி.

"நீங்களே எறங்கிப் புடுங்குங்க," என்றேன். "எனக்கு வேலை வேண்டாமுங்க. ஆனா அந்தத் துணி மேல கை வெச்சா பதினாறு குடும்பமும் இங்க வந்து நிக்குமுங்க."

அவர் கிணற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இறங்கவில்லை. அந்த வாரமே ஆள் வைத்துத் தொட்டிச் சேற்றை அள்ளினார். என்னையும் வேலையை விட்டு அனுப்பவில்லை.

பிறகொரு நாள் டீக்கடையில் வைத்து முத்தலிப் பாய் சொன்னார். நான் அந்த ஊருக்கு வருவதற்கு முந்தி என் வேலையில் இருந்தவள் பழனாத்தாள். அவளையும் இதே குழாயைத் திறக்கச் சொன்னாராம் முதலாளி. அவள் மாட்டேன் என்றாள். அவரே திறந்துவிட்டுப் போனார். தண்ணீர் பாய்கிற வேகத்தில் தொட்டிப் பக்கம் சாக்கு நிற்கவில்லையாம். அவள் கயிறு கட்டி இறங்கி, கட்டியிருந்த சேலையைக் கிழித்து அந்த முனையை அடைக்கப் போனாள். கயிறு அறுந்துவிட்டது.

"விடிஞ்சு நாந்தாம்மா தூக்குனேன். கத்திரிப்பூ கலர்ச் சேலை. பாதிதான் ஒடம்புல இருந்துச்சு. மீதியக் கெணத்தையே எறச்சுத் தேடுனோம்... கெடைக்கல."