ஏழாம் பிரிவுக்கு ஒரு கையெழுத்து

தமயந்திக்கும் நாற்காலிக்கும் ஆகாது. குடியாத்தத்திலிருந்து பெங்களூர் வந்த ஒன்பது வருடமாக, உட்கார்ந்து எழுதும் வேலையை நின்றுகொண்டே செய்கிறாள். அவள் எழுதுவது மென்பொருள் அல்ல. அது எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் பட்டியல். யாரும் படிக்காத, ஆனால் ஆறு பேர் கையெழுத்திடும் பட்டியல்.

இப்போது கையிலிருப்பது, டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் செயலி. அதன் ஏழாம் பிரிவு பார்வையற்றவர்களுக்கானது. பார்வையற்ற ஒருவரின் ஒப்புதல் ஐந்து மணிக்குள் வராவிட்டால் அந்தப் பிரிவை அடுத்த வெளியீட்டுக்குத் தள்ளிவிடுவதாக மேலாளர் ராகேஷ் சொல்லியிருந்தார். அப்படித் தள்ளப்பட்ட எதுவும் அந்த ஆபீஸில் உயிரோடு திரும்பியதில்லை.

மூன்று மணிக்கு ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஓஸ்வால்டின் போன். அந்த ஒப்புதலுக்கு அவள் கேட்டிருந்தவர், டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண் தெரியாது, காது அபாரம்; திரையில் உள்ளதை அவர் போன் வாசித்துச் சொல்லும்.

"ஏம்மா, நீ அனுப்பினதைத் திறந்தா என் போன் 'படம்', 'படம்'னுது. பதினோரு தடவை. கல்யாண ஆல்பமா அனுப்பிச்சே?"

அச்செடுத்து, ஆறு பேரும் பேனாவால் கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்தால்தான் அங்கே அது ஆவணம்; வாசிக்கும் போனுக்கோ அது வெறும் படம். கையெழுத்தில்லாத மூலக் கோப்பை வெளியே அனுப்ப ராகேஷ் சம்மதிக்கவில்லை. தமயந்தி அச்சுப் பிரதியோடு ஆட்டோ பிடித்தாள்.

ஓஸ்வால்ட் வீட்டு ஹாலில் நடந்துகொண்டே பதினோரு பக்கமும் வாசித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா கையெழுத்துப் போட மாட்டேன்."

மணி நாலரை. "ஏன் அங்கிள்?"

"ஆப்புக்குள்ளே நுழைய, படத்துல காட்டுற எழுத்தைப் பக்கத்துல இருக்கிறவங்க படிச்சுச் சொல்லலாம்னு ஒரு வரி வந்துதே, அது யார் வேலை?"

அவள் வேலைதான். பதினோரு பக்கத்தில் பரிவோடு எழுதிய ஒரே வரி.

"போன தடவை வேற ஒரு ஆஸ்பத்திரி ஆப்புல, பக்கத்து வீட்டு முனிகிருஷ்ணன் அப்படித்தான் படிச்சுச் சொன்னான். மீதியையும் படிச்சுட்டான். எனக்கு மூலம்ங்கிறது இப்போ தெருவுக்கே தெரியும். டிபன் கடையில எனக்குக் கார சட்னி வைக்க மாட்டேங்கிறாங்கம்மா."

சிரிக்க நேரமில்லை. வரியை அடித்தால் ஆறு பேரும் மறுபடி கையெழுத்திட வேண்டும். அடிக்காமல் கெஞ்சினால் இவர் போட்டுவிடக்கூடும், இளகிய மனிதர். அதுதான் அவளை உறுத்தியது. தாளைச் சுவரில் வைத்து வரியை அடித்தாள். 'எழுத்துகளை ஒலியாகவும் தரவேண்டும். பிறர் துணை தேவைப்படக் கூடாது' என்று மேலே எழுதி, வாசித்தும் காட்டினாள். அவள் விரல் வைத்த இடத்தில் ஓஸ்வால்ட் கையெழுத்திட்டார்.

தெருவுக்கு வந்து ராகேஷை அழைத்தாள். "சார், ஒரு வரி மாத்தியாச்சு. ஆறு பேரும் திரும்பப் போடணும்."

"மணி நாலு அம்பது, தமயந்தி. ஆறு பேர்ல நாகேஷ் வீட்டுக்குக் கிளம்பப் பையை மாட்டிட்டாரு."

"பையைப் பிடிச்சு வைங்க சார். இல்லேன்னா, கண்ணு தெரியாதவங்க இந்தத் தடவை வேண்டாம்னு எனக்கு ஒரு மெயில் போடுங்க. உங்க பேர்ல."

ராகேஷின் குரல் போனை விட்டு விலகிக் கன்னடத்தில் தொடங்கியது: "நாகேஷ், இரி, இரி! இருங்க, யாரும் கிளம்பாதீங்க."