போனானா என்று யாரும் கேட்கக் கூடாது

பிள்ளைகள் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் பயந்ததெல்லாம் காய்ச்சலுக்கும் வலிப்புக்கும்தான். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு பிள்ளை என் கண்முன்னால் கண்ணைச் சொருகினால் எந்தப் பக்கம் ஓடி யாரைக் கூப்பிடுவது என்று முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன். வந்த முதல் டோக்கன் ஒரு தகப்பனார். சுற்றிலும் பார்த்துவிட்டு, குனிந்து, "பிள்ளை வெளிக்குப் போகல" என்றார். திருட்டுப் பொருள் விற்க வந்தவர் போலச் சொன்னார். அடுத்து வந்த அம்மாவும் அதையே சொன்னார், கொஞ்சம் சத்தமாக. தென்காசியில் பிள்ளை என்ன பேசியது என்பதைவிட, போனதா போகவில்லையா என்பதுதான் வீட்டுக்கு வீடு பெரிய பேச்சு என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது.

டோக்கன் எழுதுவது, எடை பார்ப்பது, டாக்டரம்மா உள்ளே சொன்னதை வெளியே ஒருமுறை திரும்பச் சொல்வது, இவ்வளவுதான் என் வேலை. மூன்றாவதுதான் கஷ்டம். டாக்டரம்மா பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டச் சொல்லுவார். வாசலில் செருப்பை மாட்டும்போதே அந்தம்மா போனில், பாலில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கணுமாம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் பின்னாலேயே ஓடுவேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பெண்களுக்காக, அப்படி நான் ரொம்பத் தூரம் ஓடிய ஒரு கேஸை இங்கே எழுதுகிறேன்.

வெற்றிலைக் காம்பு

செல்விக்குப் பிறந்த ஊர் கீழப்பாவூர், வாழ்க்கைப்பட்டது மேலகரம். வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். மகன் கவினுக்கு அப்போது ரெண்டரை வயது. ஒருநாள் காலையில் ஆட்டோவை விட்டு இறங்கிப் பிள்ளையைத் தோளில் போட்டபடி ஓடிவந்தாள். கையில் இருந்த துணியில் ரத்தம்.

பதற்றத்தில் நான் ஒரே பெயரை இரண்டு டோக்கனில் எழுதினேன். பிள்ளையின் வயிறு மத்தளம் போல இருந்தது. நாலைந்து நாளாகப் போகவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. மாமியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்துப் பின்பக்கம் வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் உண்டு. வெற்றிலைத் தட்டுதான் முதல் ஆஸ்பத்திரி.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஏற்கெனவே ஒரு சின்ன வெடிப்பு இருக்கிறது, காம்பு அதைக் கீறிவிட்டது, ஆறிவிடும் என்றார். காம்பு, சோப்புத் துண்டு எதையும் இனி வைக்கக் கூடாது என்றார்.

"அவனும் பாவம் முக்கித்தான் பாக்கான் டாக்டர்," என்றாள் செல்வி. "கதவுக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டு, காலப் பின்னி, குதிகாலத் தூக்கி, மூஞ்சி செவக்கச் செவக்க முக்குதான். வரமாட்டேங்கு."

எப்படி நிற்கிறான் என்று செய்துகாட்டச் சொன்னார் டாக்டரம்மா. செல்வி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, காலைப் பின்னி, குதிகாலைத் தூக்கிக் காட்டினாள்.

"இது முக்குறதில்லம்மா. அடக்குறது. ஒரு தடவ வலிச்சிருக்கு. திரும்ப வலிக்குமேன்னு உள்ளயே வச்சுப் பூட்டுதான்."

அடக்க அடக்க இன்னும் இறுகும், இறுகினது இன்னும் வலிக்கும், வலிக்கு இன்னும் அடக்குவான் என்று விளக்கினார். தினமும் ஒரு சிரப். அதில் இளகாவிட்டால் திருநெல்வேலியில் அட்மிட் செய்து எனிமா கொடுக்க வேண்டியிருக்கும். செல்வி அழுதுவிட்டாள். வீட்டுக்காரரும் ஊரில் இல்லை. எனிமாக் குழாயைப் பார்த்த பிறகு இந்தப் பிள்ளை ஆயுசுக்கும் கக்கூஸ் பக்கம் போவானா என்று நான் என் பங்குக்கு உள்ளுக்குள் அழுதேன்.

ஏட்டையாவின் அணிவகுப்பு

செல்வியின் மாமனார் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. தெருவில் எல்லாருக்கும் ஏட்டையா. அந்த வீட்டுக் காலைப்பொழுதை அவரே பெருமையாக என்னிடம் சொன்னதால் எழுதுகிறேன்.

விடிந்ததும் தொழுவத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்கான பிளாஸ்டிக் கக்கூஸைப் போட்டு, அதில் கவினை உட்கார்த்துவார்கள். ஏட்டையா கையைப் பின்னால் கட்டி எதிரே நிற்பார். மாமியார் பக்கத்தில் பால் டம்ளரோடு நிற்பார். சொந்த மாட்டுப் பால், நாளெல்லாம் டம்ளர் டம்ளராக உள்ளே போகும். செல்வி போனைத் தூக்கிப் பிடித்திருப்பாள். வீடியோ காலில் எல்லையிலிருந்து அப்பாக்காரர், "போயிட்டானா?" என்று கேட்பார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு சிப்பாய்களின் தலை தெரியுமாம்.

"எத்தன களவாணிய வாயத் தொறக்க வச்சிருக்கேன். இவன் பொடிப்பய. விட்டுருவமா?" என்றார் ஏட்டையா.

களவாணி வீட்டுக்குப் போகலாமே என்ற ஆசையில் ஒப்புக்கொள்வான். இவன் ஏற்கெனவே வீட்டில்தானே இருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. போலீஸ்காரரிடம் சட்டம் பேசும் அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது.

சிரப் வேலை செய்தது. ஒரு வாரம் இளக்கமாகப் போனான். எனக்கும் நிம்மதி. ஆனால் போய்விட்டான் என்றதும் ஏட்டையா சிரப்பை நிறுத்திவிட்டார். பழகிவிடுமாம். அதற்குப் பதிலாக ஒரு கண்டுபிடிப்பு வைத்திருந்தார்: எல்லாம் உடம்புச் சூடு. குற்றாலத்தில் அருவிச் சீசன் வேறு. தலை நிறைய எண்ணெய் தேய்த்துப் பிள்ளையை ஐந்தருவிக்குத் தூக்கிப் போனார். அங்கே நின்ற பழக்கப்பட்ட போலீஸ்காரர்கள் வரிசையில் நிற்காமல் முன்னால் விட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த கூட்டமெல்லாம் பார்க்க, வீறிட்டு அழுத பிள்ளையை அருவிக்குள் காட்டி எடுத்தார்.

சூடு இறங்கியது. சளி ஏறியது. வயிறு மட்டும் பழையபடி கல்லாகிவிட்டது. இந்த முறை சளிக்கும் சேர்த்து ஒரே டோக்கன்.

பந்தோபஸ்து

அன்றைக்கு ஏட்டையாவும் கூட வந்தார். பிள்ளையைப் பிடித்துக்கொள்ள என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இந்த முறையும் சிரப் நின்றுபோனால் திருநெல்வேலிதான், என்னால் சீட்டு எழுதத்தான் முடியும் என்றார். சிரப்பை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார்.

"மருந்துக்கு அடிமையாயிரப் பிடாதுல்லா டாக்டர்," என்றார் ஏட்டையா.

வீட்டில் வேறு யாருக்காவது மலச்சிக்கல் உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். ஏட்டையா நிமிர்ந்து உட்கார்ந்து, தங்கள் பரம்பரையிலேயே கிடையாது என்றார். செல்வி தரையைப் பார்த்தாள்.

"தாத்தா பொடி குடிக்கும்," என்றான் கவின்.

நான் பிடித்திருந்த பிள்ளையின் வாயைப் பொத்தலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"என்ன பொடி?" என்று கேட்டார் டாக்டரம்மா, பிள்ளையிடம் அல்ல.

ஏட்டையா மீசையைத் தடவினார். படுக்கும்போது ஒரு ஸ்பூன், சும்மா நாட்டு மருந்துதான் என்றார். எவ்வளவு காலமாக என்று கேட்டதற்கு, சர்வீஸில் இருந்த காலத்திலிருந்தே என்றார். அப்புறம் யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"சீசன் பந்தோபஸ்துக்கு இருட்டோட கொண்டு போயி நிப்பாட்டிருவான். ஆயிரஞ் சனம் பாத்துக்கிட்டு நிக்கும். பாயிண்ட்ட விட்டு நவுர முடியாது. எங்கன போயி உக்கார? அடக்கிக்கிட்டே நிப்போம். பொறவு வீட்டுக்கு வந்து உக்காந்தா வராது. அதுவே பழகிட்டு…"

பேரனைப் பார்த்தார். பேரன் டாக்டரம்மாவின் டார்ச்சை அமுக்கிக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. "அவனும் உங்க வீட்ல அப்பிடித்தான் அண்ணாச்சி நிக்கான். சுத்தி நின்னு நீங்க எல்லாரும் பாக்கிய," என்று மட்டும் சொன்னார்.

பிறகு வரிசையாகச் சொன்னார். தான் சொல்லும்வரை சிரப்பை நிறுத்தக் கூடாது. பாலைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும். கொய்யா, பப்பாளி, கீரை, நடுவில் தண்ணீர். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் கக்கூஸில் உட்கார்த்தி, காலுக்கு அடியில் ஒரு பலகை. வராவிட்டால் எழுப்பிவிட வேண்டும், திட்டக் கூடாது. கடைசியாக, போனானா என்று அவனிடம் யாரும் கேட்கக் கூடாது.

"மிலிட்டரிக்கும் சேத்துத்தான்," என்றார்.

கேட்காமல் இருப்பது

சிரப் கொடுப்பது சுலபம், கேட்காமல் இருப்பதுதான் முடியவில்லை என்று செல்வி போனில் சொன்னாள். வாய் கேட்கவில்லையே தவிர, பிள்ளை ஒரு மூலைக்குப் போய்த் திரும்பினால் வீடே மூக்கைத் தூக்கி மோந்து பார்க்கிறதாம். வீட்டுக்காரருக்கு ஏட்டையா உத்தரவு போட்டிருந்தார்: போன் பண்ணினால் மழையைக் கேள், மாட்டைக் கேள், மற்றதைக் கேட்காதே. பிள்ளை உட்காரும் நேரத்தில் ஏட்டையா முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். யாரையும் உள்ளே விடுவதில்லை. பந்தோபஸ்து என்னவோ அதேதான், ஆள் மட்டும் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

நடுவில் ஒருநாள் சறுக்கியது. செல்வியின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ரெண்டு நாளாகச் சிரப்பை மறந்து, வடையும் முறுக்குமாய்த் தின்று, பிள்ளை கதவுக்குப் பின்னால் காலைப் பின்னிவிட்டான். மாமியார் கை தானாக வெற்றிலைத் தட்டுக்குப் போனது. ஏட்டையா தட்டையே தூக்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். வெற்றிலை போடாமல் அன்று முழுவதும் அந்த அம்மா அவரோடு பேசவில்லை. செல்வி எனக்குப் போன் செய்தாள். நான் டாக்டரம்மாவைக் கேட்டு, விட்ட இடத்திலிருந்து சிரப்பைத் தொடரச் சொன்னேன். மறுநாள் முழுக்க ஒவ்வொரு போனையும் செல்விதானோ என்று ஓடிப்போய் எடுத்தேன். செல்வி கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. கேட்கக் கூடாது என்ற மருந்துச் சீட்டு எனக்கும் சேர்த்துத்தான் என்று டாக்டரம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

சீசன் முடிந்து, ஊர் காலியான பிறகு ரிவ்யூவுக்கு வந்தார்கள். கவினின் எடை கூடியிருந்தது. நாக்கு நுனிவரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டு, சட்டையில் என்ன பொம்மை என்று கேட்டேன். யானை என்றான்.

நானும் கூடவே உள்ளே போனேன். டாக்டரம்மா, கடைசியாக எப்போது போனான் என்று பெரியவர்களிடம் கேட்டார்.

செல்வி மாமியாரைப் பார்த்தாள். "நேத்து அத்தைதான கழுவி விட்டிய?"

"நா இல்ல. நேத்து நா கோயிலுக்குல்லா போயிருந்தேன்," என்றார் மாமியார். ரெண்டு பேரும் ஏட்டையாவைப் பார்த்தார்கள்.

"எப்பமோ கழுவி விட்டேன்," என்றார் ஏட்டையா. "நேத்தா, முந்தாநேத்தா… தெரியலயே டாக்டர்."

எனக்குப் பகீர் என்றது. இத்தனை பெரியவர்கள் இருக்கிற வீட்டில் ஒருத்தருக்குக்கூடத் தெரியவில்லையா? டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒருத்தருக்கும் தெரியலல்லா? அப்ப சரியாயிட்டு வருது," என்று சொல்லி, சிரப்பை எப்படி மெதுவாகக் குறைப்பது என்று எழுத ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் என் டோக்கன் மேஜையில் நானாக ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். "போகல" என்று யார் வந்து குனிந்தாலும், பிள்ளையை எடை மிஷினில் நிறுத்திவிட்டு அவர்களைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போவேன். எத்தனை நாள், எவ்வளவு கட்டி, ரத்தம் உண்டா, சாப்பிடுகிறானா, என்ன வேண்டுமானாலும் என்னிடம் சொல்லுங்கள், வீட்டுக்குப் போன பிறகும் போன் பண்ணுங்கள் என்பேன். கவலைப்பட ஒரு ஆள் வேண்டும்தான். அதற்கு நான் இருக்கிறேன், எனக்கு அது நன்றாக வரும். பிள்ளை பாட்டுக்குப் போய்வரட்டும்.