பார்த்தவரின் கையெழுத்து

நேரில் கேட்ட தகவலைக் கட்டுரையில் மேற்கோள் காட்டினால், சொன்னவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை இணைக்க வேண்டும் என்பது அந்த அறிவியல் இதழின் விதி. ஆந்தைகள் பற்றிய என் கட்டுரையில் புதிய செய்தி ஒன்றுதான்: ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் பட்டப்பகலில் குஞ்சுக்கு இரை ஊட்டிய ஆந்தை. அதைப் பார்த்தவர் எங்கள் காவலாளி மட்டுமே.

ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா. பால்காரரானாலும் அங்கேயே குடியிருக்கும் நானானாலும், பதிவேட்டில் கையெழுத்து வாங்காமல் உள்ளே விடமாட்டார். அவரிடம் கடிதத்தை நீட்டினேன். எந்தப் பேனாவையும் அவர் தொடவில்லை.

“இன்னா சார், நீயே பாத்தன்னு எழுதிக்கோயேன்.”

“நான் பாக்கலையேப்பா.”

“அப்ப நானும் பாக்கலன்னு உட்டுடு சார்.”

இதழ் எனக்கு இரண்டு நினைவூட்டல் அனுப்பியது. நான் அவருக்கு நான்கு முறை நினைவூட்டினேன். ஊரெல்லாம் கையெழுத்து வாங்குபவருக்குத் தான் போட என்ன தயக்கம் என்று விளங்கவேயில்லை.

கடைசியில் கடிதம் தபாலில் வந்தது. மாடிக்கு ஏறிய நேரம், இறங்கிய நேரம், கையெழுத்து, எல்லாம் அவர் பதிவேட்டில் எழுதவைக்கும் முறையிலேயே. பணிநேரத்தில் வாசலைவிட்டு நகரும் காவலாளி நீக்கப்படுவார் என்ற குடியிருப்போர் சங்க விதியை எழுதியவன் நான்தான். அதற்காகவா பயந்தார் என்று கேட்க அவர் வாசலில் இல்லை. கடிதத்தில் இருந்த தேதி, அவர் வேலையை விட்ட மறுநாள்.