ஒன்பது லட்சம் ஒருதரம்

“...முன்பணம் குடுத்தாச்சுன்னா அப்புறம் படகு யாரு பக்கம்? நம்ம பக்கம்லா! இதுவும் அதே கணக்குதான் தங்கச்சி. நீ யோசிக்காம அனுப்பு” என்று சொல்லிக்கொண்டே அவர் ஒரு மஞ்சள் பையை என் மேசைமேல் வைத்தார்.

போன வருடம், மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற சமயம். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புவது, இதுதான் பிழைப்பு. பத்தாவதோடு படிப்பு நின்றுபோனது. கம்ப்யூட்டர் எல்லாம் நானாகவே தட்டித் தட்டிப் பழகியதுதான். ஆனால் வருகிறவர்களின் பேச்சைக் கேட்பதில் எனக்குக் கொள்ளை ஆசை. வேலை முடிந்த பிறகும் நாலு கேள்வி கேட்டு ஆளை உட்காரவைத்துவிடுவேன். அன்றைக்கும் அப்படித்தான் ஆனது.

வந்தவர் மீன் ஏலம் கூறுகிறவர். குரல் என்றால் அப்படி ஒரு குரல். ஏலக்கூடத்தில் அவர் வாயைத் திறந்தால் ஐஸ் உடைக்கிற சத்தம்கூட அடங்கிவிடும் என்பார்கள். படகுக்காரர்களுக்கு வலை வாங்கவும் இன்ஜின் பார்க்கவும் அவர் முன்பணம் கொடுப்பார். வட்டி கிடையாது. வாங்கியவர் தன் மீனை அவரிடம்தான் ஏலத்துக்குக் கொடுக்க வேண்டும். விற்ற பணத்தில் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். முன்பணம் யார் கொடுத்தாரோ, அவர் கைப்பிடியில் படகு. எங்கள் கடற்கரையில் காலங்காலமாக நடக்கிற முறை.

அந்த மனிதர் அலைபேசியை நீட்டினார். திரை முழுக்கப் பச்சையும் தங்கமுமாக மினுமினுத்தது. நடுவில் ஒன்பது லட்சம் என்று கொட்டை எழுத்தில் ஓர் எண்.

“ஜெயிச்சிருக்கேன்” என்றார்.

எனக்கு ஒரே ஆச்சரியம். எப்படி, என்ன விளையாட்டு என்று விடாமல் கேட்டேன். அவருக்கும் சொல்ல ஆசை. தடைக்காலத்தில் ஏலம் இல்லாமல் தொண்டை துருப்பிடித்துக் கிடந்த மனிதர் அல்லவா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளிநாட்டில் இதைச் சூதாட்டம் என்று சொல்வதில்லையாம், குலுக்கல் போட்டியாம். தங்கக் காசு, பச்சைக் காசு என்று இரண்டு வகை. தங்கக் காசைப் பணம் கொடுத்து வாங்கலாம், ஆனால் அது வெறும் விளையாட்டுக்கு. அதோடு இனாமாகக் கொஞ்சம் பச்சைக் காசு தருவார்கள். பச்சைக் காசில் ஜெயித்தால் அதை நிஜப் பணமாக மாற்றிக்கொள்ளலாம்.

“அதாவது மீனு வாங்குனா ஐஸ் ஓசின்னு நாம சொல்லுதோம். இவன் ஐஸ் வாங்கு, மீனு ஓசிங்கான்!” என்று சிரித்தார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. “நெசமாவே பணம் தாரானா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“கப்பல்ல வேலை பாக்குற நம்ம பய ஒருத்தன், அமெரிக்கா போனப்ப வெளையாடி எடுத்திருக்கான்மா. சும்மா சொல்லல.”

பிறகு விஷயத்துக்கு வந்தார். ஜெயித்ததை எடுக்க முதலில் வரி கட்டச் சொன்னார்களாம். கட்டினார். பிறகு கணக்கைச் சரிபார்க்க ஒரு தொகை. அதையும் கட்டினார். இப்போது கடைசியாக, பணத்தை நாடு விட்டு நாடு அனுப்பும் கட்டணமாம். அது கொஞ்சம் பெரியது. வங்கிக்குப் போனால் மகன் காதுக்குப் போய்விடும் என்று ரொக்கமாக என்னிடம் வந்திருக்கிறார்.

எனக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் பெரிய மனிதர், தொழில் தெரிந்தவர். நான் யார் சொல்ல? கணக்கு எண்ணைத் தட்டினேன். என் கடையிலிருந்து ஐயாயிரம் ஐயாயிரமாகப் பிரித்துத்தான் அனுப்ப முடியும், நேரம் பிடிக்கும். எண்ணைப் போட்டதும் திரையில் ஓர் ஆளின் பெயர் வந்தது. கம்பெனியின் பெயர் இல்லை, வடக்கே எங்கோ இருக்கிற ஒரு தனி ஆளின் பெயர்.

“அண்ணாச்சி, முன்னால அனுப்புனதும் இந்தப் பேருக்குத்தானா?”

“இல்ல, அது வேற பேரு. அதுக்கு முந்தி இன்னொரு பேரு. பெரிய கம்பெனின்னா நாலு ஆளு இருக்கத்தான செய்வான்?”

அந்த நேரத்தில்தான் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அக்கா உள்ளே வந்தார். அவர் வீட்டில் ஒரு விசைப்படகு உண்டு. தொழில் நாளில் கணவர் படகோடு கடலில் இருப்பார், கரைக்கணக்கு முழுக்க இவர் கையில். ஏலக்காரருக்குக் கொழுந்தியாள் முறை வேண்டும், அதனால் வாய்க்குப் பூட்டு கிடையாது.

“மச்சான், ஒங்கள எங்கெல்லாம் தேடுததுக்கு? மெக்கானிக் இன்ஜினப் பிரிச்சுப் போட்டுட்டுத் துட்டத் தாங்கன்னு நிக்கான். பணம் குடுத்தாத்தான் இன்ஜின எறக்குவானாம். எல்லாப் படகும் கெளம்பும்போது எங்க படகு மட்டும் கரையில நின்னு கையாட்டவா?”

ஏலக்காரர் மஞ்சள் பையை மெல்ல மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பை இந்த அக்காவுக்கு வாக்குக் கொடுத்த முன்பணம்.

“ரெண்டே நாளு பொறுளா. ஒனக்கு ரெண்டு மடங்காத் தாரேன்.”

“ரெண்டு நாளைக்குள்ள பணம் குட்டி போடுமா மச்சான்?”

மறைக்க முடியவில்லை. அக்கா எட்டி அலைபேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். நடந்ததை எல்லாம் ஏலக்காரர் வாயாலேயே சொல்லவைத்துவிட்டார். நான் கையை விசைப்பலகையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். முதல் ஐயாயிரம் இன்னும் போகவில்லை. ஒரு பொத்தானைத் தட்டினால் போய்விடும்.

அப்போது வாய் சும்மா இருக்காமல் நான் கேட்டேன். அவரைத் திருத்த வேண்டும் என்றெல்லாம் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலில்தான். “அண்ணாச்சி, நீங்க படகுக்காரங்க கமிஷன மீன வித்தப்புறம்தான கழிக்கீங்க? இந்தக் கம்பெனிக்காரங்ககிட்டயும் ஒங்க பணம் ஒன்பது லட்சம் இருக்குல்லா? அதுல கழிச்சுக்கிட்டு மீதியத் தரலாமே?”

“அது கமிஷன் தங்கச்சி. இது முன்பணம். நாம முன்னால குடுத்தாத்தான் அவன் நமக்குக் கட்டுப்படுவான்.”

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். “எனக்கு முன்பணம் குடுக்கீங்க. நான் மீன வேற ஆளுகிட்டப் போட்டா என் வாசல்ல வந்து நிப்பீங்க, என் படகு எங்கன கட்டியிருக்குன்னும் ஒங்களுக்குத் தெரியும். இவன் வாசல் எங்கன இருக்கு மச்சான்? இவன் படகு எந்தக் கரையில கட்டிக் கெடக்கு?”

ஏலக்காரர் அலைபேசியை என் பக்கம் தள்ளினார். “எழுது தங்கச்சி. கட்டணத்த அங்கனயே கழிச்சுக்கிட்டு மீதிய அனுப்பச் சொல்லு.”

எழுதினேன். உடனே பதில் வந்தது. விதிமுறைப்படி முடியாது, கட்டணத்தை முதலில் செலுத்தவும் என்றது. நான் அதைத் தமிழில் சொன்னதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அந்த முகத்தில் வேறு ஓர் ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஏலம் கூறும்போது வருகிற முகம்.

“அப்ப ரெண்டு மடங்காக் கழிச்சுக்கச் சொல்லு!”

முடியாது, முதலில் செலுத்தவும்.

“பாதி அவனுக்கு, பாதி எனக்கு!”

முடியாது, முதலில் செலுத்தவும்.

குரல் ஏறிக்கொண்டே போனது. சாலையில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். “எட்டு லட்சம் அவனுக்கு, ஒண்ணு எனக்கு!” நான் வேகவேகமாகத் தட்டினேன். அக்காவும் சேர்ந்துகொண்டார். “டீச் செலவுக்கு மட்டும் அனுப்பச் சொல்லுளா!” கடைசியில் ஏலக்காரர் சொன்னார்: “முழுசையும் அவனே வெச்சுக்கட்டும். ஒரு ரூபா, ஒரே ஒரு ரூபா என் கணக்குக்கு அனுப்பச் சொல்லு.”

அதற்கும் ஓர் எழுத்து மாறாமல் அதே பதில்தான் வந்தது.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “எட்டு லட்சத்த எடுத்துக்கன்னு சொல்லுதேன். எடுக்க மாட்டேங்கான். அப்ப அங்கன எடுக்க ஒண்ணும் இல்ல தங்கச்சி. வெறும் கூடைய வெச்சுக்கிட்டு என்கிட்டயே வெல கூறியிருக்கான்” என்றார். அந்தக் குரல் எனக்குப் புதிது. ஏலக்கூடத்தில் அப்படி ஒரு குரலை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

திரையில் இருந்ததை அழித்தேன். அவர் மஞ்சள் பையை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார். வாங்கியதும் அக்கா அதுவரை பேசிய கேலியை எல்லாம் நிறுத்திவிட்டார். “மச்சான், ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு மெக்கானிக்கைத் தேடி ஓடினார்.

முன்னால் கட்டிய பணத்துக்குச் சைபர் குற்றப் பிரிவில் ஆன்லைனில் புகார் கொடுக்கலாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “வேண்டாம்மா. என் வாய நம்பி ஏலக்கூடத்துல இன்னும் நாலு பேரு இதுல பணம் போட்டிருக்கான். நான் ஏமாந்தேன்னு தெரிஞ்சா நாளைக்கு நான் கூறுத வெலைய எவன் மதிப்பான்? நீ யார்கிட்டயும் சொல்லிராத.”

சொல்லவில்லை. ஆனால் அந்த நாலு பேர் நினைப்பாகவே இருந்தது. அவர் கேட்டுக்கொண்டது ஒரு பக்கம், அவர்கள் கட்டப்போகிற பணம் ஒரு பக்கம். பணம் கட்ட அவர்களில் யாராவது என் கடைக்கு வந்தால் என்ன செய்வது என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. அவரும் அந்தப் பக்கம் வரவில்லை.

தடைக்காலம் முடிந்து படகுகள் போய்த் திரும்பிய முதல் சாயங்காலம் அக்கா போன் செய்தார். “எங்க படகு வந்துட்டு. கொழம்புக்கு மீனு தாரேன், வாளா” என்றார். போனேன். ஏலக்கூடத்தில் நிற்க இடமில்லை. தரையெல்லாம் தண்ணீர், எங்கு பார்த்தாலும் கூடைகள். முதல் கூடை அக்காவுடையது, பளபளவென்று பாறை மீன்கள்.

ஏமாற்றுகிறவனுக்குப் பெரிய துணையே ஏமாந்தவரின் வெட்கம்தான் என்பது அதற்குப் பிறகு என் கடைக்கு வந்த எத்தனையோ பேரைப் பார்த்து எனக்குப் புரிந்தது. பலர் பணம் போனதைக்கூடச் சொல்லிவிடுவார்கள், எப்படிப் போனது என்பதைச் சொல்ல மாட்டார்கள். அப்போதெல்லாம் அந்தச் சாயங்காலம் பார்த்ததைத்தான் அவர்களுக்குச் சொல்கிறேன்.

ஏலக்காரர் கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் கூடைமேல் ஏறினார். எல்லோரும் விலைக்குக் காத்திருக்க, சட்டைப்பையிலிருந்து அலைபேசியை எடுத்து உயரத் தூக்கினார்.

“இந்தா பாருங்கலே, ஒன்பது லட்சம்! நான் ஜெயிச்சது. மொத்தத்தையும் தாரேன். ஒரு ரூபாய்க்குக் கேக்க ஆளு உண்டா? ஒரு ரூபா ஒருதரம்!”

கூட்டம் புரியாமல் விழித்தது. பின்னாலிருந்து யாரோ, “செவுளத் தூக்கிக் காட்டுங்க அண்ணாச்சி, பழைய மீனா இருக்கப் போவுது!” என்று கத்தவும் சிரிப்பு வெடித்தது.

“செவுளும் இல்ல, செதிலும் இல்ல. கூடையே இல்லலே! என் பணம் போச்சு. என் பேச்சக் கேட்டுப் போட்டவங்க இனி ஒரு பைசா கட்டாதீங்க. நாளைக்குக் காலையில தங்கச்சி கடையில புகார் எழுதப் போறேன், கூட வாங்க. ஒரு ரூபா ரெண்டுதரம்!”

சிரிப்பு நின்றுவிட்டது. கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கேட்க ஆள் இல்லை. அவர் மூன்றாம் தரம் சொல்லாமல் அலைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். அக்காவின் கூடையிலிருந்து பெரிய பாறை மீன் ஒன்றை எடுத்து, செவுளை விரித்து எல்லோருக்கும் காட்டிவிட்டு, விலை கூறத் தொடங்கினார்.