சுவரைத் தட்டிப் பார்த்த மாப்பிள்ளை

என் மாமா வெளிநாடு போய் வந்தவர் என்பதை எங்கள் தெருவில் யாரும் முழுதாக நம்பியதில்லை. வெளிநாடு என்றால் துபாய், சிங்கப்பூர், மிஞ்சிப்போனால் மலேசியா. போன மனிதன் டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலுமாகத் திரும்ப வேண்டும். மாமா ஒரு கம்பளிக் கோட்டோடும் ஒரு போட்டோவோடும் வந்து இறங்கினார். ராஜபாளையத்து வெயிலில் அந்தக் கோட்டை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா அதை மடித்து அரிசி மூட்டை மேல் போட்டு வைத்தாள்.

வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் அவர். அங்கே போலந்திலிருந்து புது மெஷின்கள் வந்தபோது, அவற்றைப் பழகிவரச் சிலரை அந்த நாட்டுச் சுரங்க ஊர் ஒன்றுக்கே அனுப்பினார்கள். போனவர் பயிற்சி முடியுமுன்பே திரும்பினார். வடக்கத்தி வேலையையும் உதறிவிட்டு எங்கள் ஊர் நூல் மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்தார். ஏன் என்று கேட்டால் அந்த ஊரைப் பற்றிக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார். எங்கள் வீட்டில் அட்லாஸ் பார்க்கத் தெரிந்தவன் ஐந்தாம் வகுப்பு படித்த நான் ஒருவன்தான். தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு ஊரே அதில் இல்லை. அன்றிலிருந்து எனக்கும் சந்தேகம்தான்.

எண்பதுகளின் நடுவில் வத்திராயிருப்பில் மாமாவுக்கு ஒரு பெண் பார்க்கப் போனோம். ஏற்கெனவே இரண்டு இடம் கைவிட்டுப் போயிருந்தது. இதுவும் போனால் தம்பி தனிக்கட்டையாகவே நின்றுவிடுவான் என்று அம்மாவுக்குப் பயம். அந்த ஊர்ப் பேச்சை மட்டும் எடுக்காதே என்று பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். மாமா எடுக்கவில்லை. பெண்ணின் அப்பாதான் எடுத்தார். போலீசில் ஏட்டாக இருந்தவர். உத்தியோகம்தான் ஓய்வு பெற்றிருந்தது, விசாரணை ஓயவில்லை.

தரகர் முன்கூட்டியே கொடுத்திருந்த போட்டோவை மடியில் வைத்திருந்தார் ஏட்டையா. அதில் மாமாவும், அவர் தோளில் கை போட்டபடி அவர் வயதே இருக்கும் ஒரு வெள்ளைக்காரரும். இரண்டு பேருக்கும் கறுப்பு உடுப்பு, இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான், தொப்பியில் சேவல் வால் மாதிரி இறகுக் குஞ்சம்.

“தம்பி, இது எந்த ஊர் பேண்டு செட்டு?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மாமா பொறுமையாக விளக்கினார். அது சுரங்கத்துக்காரர்களின் திருநாள் உடுப்பு. அவர்களுக்கென்று ஒரு அம்மன் உண்டு; ஆண்டாளுக்குத் தேரோட்டம் மாதிரி, குளிர்காலத்தில் அந்த அம்மனுக்கு ஒரு நாள். அன்றைக்கு விடியுமுன்பே தெருத்தெருவாகப் பேண்டு வாசித்து ஊரை எழுப்புவார்கள்.

“அப்ப பேண்டு இருக்கத்தான் செய்யுது” என்றார் ஏட்டையா.

பிறகு மாமாவை நிறுத்த முடியவில்லை. வீடெல்லாம் புகையில் கறுத்த செங்கல், ஜன்னல் சட்டத்துக்கு மட்டும் சிவப்புப் பெயின்ட், அதுவும் சுரங்கத்தில் மிஞ்சியது. காலையில் காயப்போட்ட வெள்ளைத் துணி பொழுது சாய்வதற்குள் சாம்பல் நிறமாகிவிடும். கரியைத் தோண்டித் தோண்டி ஊருக்கு அடியில் ஒன்றுமில்லாமல் போனதால் வீடுகள் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். கட்டில் காலுக்குக் கட்டை கொடுத்துத்தான் படுக்க வேண்டும். கறி வாங்கவும் கார்டோடு வரிசையில் நிற்க வேண்டும்.

“வெள்ளக்காரன் ரேசன் கார்டோட வரிசையில நிக்கான். சரி. வீடு சாஞ்சு கெடக்கு, உள்ள படுத்துத் தூங்குதான். அதுவும் சரி.” ஏட்டையா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். “நீங்க தங்கியிருந்த வீட்டுக்காரக் கெழவர் போலந்துக்காரர்னு தரகர்ட்ட சொல்லியிருக்கீக. அவரே ஜெர்மன் பட்டாளத்துல இருந்தார்னும் சொல்லியிருக்கீக. ரெண்டுல எது நெசம்?”

“ரெண்டும் நெசந்தான்யா. அவர் பொறந்தப்ப அந்த ஊர் ஜெர்மனி. பள்ளிக்கூடம் போறப்ப போலந்து. சண்டையில திரும்ப ஜெர்மனிக்காரன் புடிச்சு, இவரையும் பட்டாளத்துக்கு இழுத்துட்டுப் போயிட்டான். சண்டை முடிஞ்சு வந்தா மறுபடி போலந்து. வீடு அதே வீடுதான்.”

“ஊர்தான் நடமாடிக்கிட்டு இருந்துச்சாக்கும்.”

உள்ளே பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. மாமாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஏட்டையா கேட்டார்: “எல்லாம் இருக்கட்டும். பாதியில ஏன் வந்தீக?”

மாமா எழுந்தார். அது மாடி வைத்த பழைய மெத்தை வீடு. தலைக்குமேல் மர உத்திரம். கையை உயர்த்தி விரல் முட்டியால் உத்திரத்தைத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். நகர்ந்து போய்ச் சுவரைத் தட்டினார். எந்த வீட்டுக்குள் போனாலும் அவர் செய்வதுதான். எங்கள் வீட்டில் தட்டித் தட்டி அலுத்து, மழைச் சாரலானாலும் வாசலில்தான் படுப்பார். எங்களுக்குப் பழகிவிட்டது. அவர்களுக்குப் பழகவில்லை. ஏட்டையாவின் கண் பீரோ இருந்த அறைக்குப் போய் வந்தது.

காபித் தட்டோடு வந்து நின்ற பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“என்ன சத்தம் கேக்கு?”

“கெட்டியாத்தான் இருக்கு” என்றார் மாமா. அவர்கள் இரண்டு பேரும் பேசியது அவ்வளவுதான்.

எங்களை வழியனுப்ப வாசல்வரை வந்த ஏட்டையா அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: “தப்பா நெனைக்காதீக தாயி. சொவத்தத் தட்டிப் பாக்குத ஆளுகள நான் சர்வீஸ்ல நெறய பாத்திருக்கேன்.” ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் வந்து சொன்னது பிறகு, மரியாதைக்காக.

திரும்பும் பஸ்ஸில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஏட்டையா சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. ஓர் ஏட்டு தப்பாகவா சொல்வார்? நானும் என் பங்குக்கு விசாரித்துப் பார்த்தேன்.

“மாமா, பூமிக்குக் கீழ எப்படி இருக்கும்?”

“அந்த ஊர்ல வீட்டு மேல எல்லாரும் புறா வளப்பாக, தெரியுமால?” என்று அவர் ஆரம்பித்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கண்ணுக்குத் தெரியும்வரை புறாதான். கேட்டதற்குப் பதில் வராததால் மனிதர் புளுகத்தான் செய்கிறார் என்று தீர்மானித்துவிட்டேன்.

சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் தலைக்குமேல் இருக்கும் பாறையைத் தட்டிப் பார்ப்பார்கள், கெட்டியான சத்தம் வராவிட்டால் அதன் கீழே நிற்கமாட்டார்கள் என்பதைக் காலேஜுக்குப் போன பிறகு ஒரு புத்தகத்தில்தான் படித்தேன். அந்த ஊரின் துணி, பெயின்ட், புறா எல்லாம் சொன்ன மாமா, அதன் அடியில் நடந்தது எதையும் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றைக்கு அத்தனை கேள்வி கேட்ட ஏட்டையாகூட, போட்டோவில் மாமாவின் தோளில் கை போட்டிருந்த அந்த வெள்ளைக்காரர் யார், இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.